பத்தமடைப் பாய்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரைதான் இவ்வூர்ப் பாய்க்கு முதல். பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைத்த கோரையைச் சன்னப் பாய்க்கென்றால் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பினால்தான் இழை இழையாகப் பிரியும். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. ஒவ்வொன்றாக நுழைத்து அச்சால் அடித்து இறுக்கவேண்டும். அவசரக்காரர்களுக்கான தொழில் இல்லை. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரும் தேதியும் சேர்த்தே நெய்துவிடுவார்கள். சன்னப் பாய் பட்டுத் துணிபோல மடியும். அதில் படுக்க யாருக்குத்தான் மனசு வரும்? எனக்குச் சாதாரணக் கோரைப் பாயே போதும். பிளாஸ்டிக் பாய் மலிவுதான், ஆனால் சித்திரை மாதத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வரும்.