முடிவிலி உண்டா? கலாம் வாதத்தைக் குறித்து ஒரு மதிப்பீடு

வில்லியம் லேன் கிரெய்க் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட, கலாம் வழிவந்த அண்டவியல் வாதத்தைப் பற்றிய ஆங்கில நூல், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இறையியல் மாணாக்கரிடையே செல்வாக்குக் குன்றாமல் இருந்துவருகிறது. நூலைப் படித்திராதவரும் அதன் வாதத்தை அருளுரையில் எடுத்தாளுவதைக் கேட்டிருக்கிறோம். இருக்கத் தொடங்கிய யாவற்றிற்கும் ஒரு காரணம் உண்டு. அண்டம் இருக்கத் தொடங்கியது. ஆகவே அண்டத்திற்கு ஒரு காரணம் உண்டு. வாதத்தின் பளு முழுவதும் இரண்டாம் கூற்றின்மேல் சாய்ந்திருக்கிறது. அதனை நிறுவ ஆசிரியர் காட்டும் தலையாய நியாயம் இது: முடிவிலி மெய்யாக எங்கும் இருக்க இயலாது; தொடக்கமற்ற இறந்தகாலமோ முடிவிலியான நிகழ்ச்சிகளைத் தன்னகத்தே கொண்டதாகும்; ஆகவே அப்படியொரு இறந்தகாலம் இருந்திருக்க முடியாது.

நூலின் முற்பகுதி போற்றத்தக்கது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞராகிய யோவான் பிலோப்பொனஸ், உலகம் அநாதியானது என்ற கிரேக்கரின் கொள்கைக்கு எதிராக இத்தகைய வாதத்தைத் தொடுத்தார். பின்னர் அது அரபு மொழியில் புகுந்து, அல்-கிந்தியிடத்தும், யூதராகிய சாதியாவிடத்தும், அல்-கஸாலியிடத்தும் வளர்ந்தது. படைப்பை அறிக்கையிடும் மூன்று சமயத்தாரும் ஒரே கருவியைக் கைமாற்றிக்கொண்ட இவ்வரலாற்றில் ஆசிரியர் காட்டும் உழைப்பும் நேர்மையும் நம் பாராட்டுக்குரியன. பிற்பகுதியைக் குறித்துத்தான் நமக்கு ஐயங்கள் எழுகின்றன.

கணிதமேதை ஹில்பெர்ட் கற்பனை செய்த விடுதியை ஆசிரியர் நம்முன் நிறுத்துகிறார். அவ்விடுதியில் அறைகளுக்கு முடிவில்லை. எல்லா அறைகளும் நிரம்பியுள்ளன. புதிதாக ஒருவர் வருகிறார். முதல் அறையிலிருப்பவர் இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருப்பவர் மூன்றாவதற்கும் நகர்ந்துகொண்டே போக, முதல் அறை காலியாகிறது. ஒற்றைப்படை அறைகளில் உள்ளோர் அனைவரும் வெளியேறினாலும் எஞ்சியோர் முடிவிலியே. நான்காம் அறை தொடங்கி அனைவரும் வெளியேறினாலோ மூவரே எஞ்சுவர். இரு முறையும் வெளியேறியவர் தொகை ஒன்றே. எஞ்சியவர் தொகை வேறு. இத்தகைய விடுதி உலகில் இருக்கக்கூடுமோ என்று ஆசிரியர் வினவுகிறார்.

வியப்பு வேறு, முரண்பாடு வேறு. எண்கள் யாவற்றிற்கும் அவற்றின் வர்க்கங்களுக்கும் ஒன்றுக்கொன்றாய் இணை காட்டலாம் என்பதைக் கலிலேயோ 1638ஆம் ஆண்டு நூலிலேயே கண்டு திகைத்தார். முழுமை பகுதியினும் பெரிது என்னும் விதி, முடிவுள்ளவற்றைக் கொண்டு நாம் கற்ற விதி. அது முடிவிலிக்குப் பொருந்தாது என்பதையே கியோர்க் கேன்டர் 1874ஆம் ஆண்டு தொடங்கி விளக்கிவந்தார். கழித்தலுக்கு அங்கே ஒரே விடை இல்லை என்பது உண்மை; ஆதலாலேயே கணிதர் அங்கே கழித்தலை வரையறுப்பதில்லை. விடுதியில் நடப்பது நமக்குப் பழக்கமற்றது என்பதற்குமேல் இவ்வுதாரணம் எதையும் மெய்ப்பிக்கவில்லை.

ஹில்பெர்ட்டின் பெயரும் இங்கே சற்றுக் கவனமின்றிப் பயன்படுத்தப்படுகிறது. 1925இல் மியூன்ஸ்டர் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், இயற்கையில் முடிவிலியை எங்கும் காண்பதற்கில்லை என்று அவர் கூறியது மெய்யே. ஆனால் அவர் காட்டிய காரணங்கள் அக்கால இயற்பியலிலிருந்து எடுத்தவை: பொருளும் ஆற்றலும் முடிவின்றிப் பகுக்கப்படுவதில்லை, ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி அண்டவெளி முடிவுள்ளதாக இருக்கக்கூடும். அது அனுபவத்தைச் சார்ந்த தீர்ப்பு. தர்க்கத்தின் தடையாணை அன்று. அதே சொற்பொழிவில் கேன்டரின் கணிதத்தை அவர் உறுதியுடன் காத்துநின்றார் என்பதையும் மறத்தலாகாது.

முடிவிலியை ஒவ்வொன்றாகக் கடந்து இன்றைய நாளை வந்தடைய முடியாது என்னும் இரண்டாம் நியாயமும் வலிமை குறைந்ததே. அது எங்கோ முடிவிலியான தொலைவில் ஒரு புறப்பாட்டு நாளை மறைவாக வைத்துக்கொள்கிறது. தொடக்கமே இல்லை என்பவர் அப்படியொரு நாளை ஒப்புக்கொள்வதில்லை. அவர் கூறும் இறந்தகாலத்தின் எந்த நாளும் இன்றிலிருந்து எண்ணக்கூடிய தொலைவிலேயே உள்ளது.

இனி, நம் நம்பிக்கையைத் தொடும் இடத்திற்கு வருவோம். இறந்தகாலத்தை அடைக்கும் இவ்வாதம் வருங்காலத்தை மட்டும் திறந்து விடுமா? நித்தியஜீவனில் பரிசுத்தவான்கள் நாள்தோறும் ஒரு துதி பாடுவர் எனக் கொள்வோம். எத்தனை துதிகள் பாடப்படும்? எந்த நாளில் எண்ணினாலும் அதுவரை பாடப்பட்டவை முடிவுள்ளவையே. ஆகவே இது வளர்ந்துகொண்டே செல்லும் முடிவிலியேயன்றி மெய்யான முடிவிலி அன்று என்பது கிரெய்கின் விடை. பாடப்பட்டவை எத்தனை என்பது கேள்வியாயின் அவ்விடை போதும். பாடப்படவிருப்பவை எத்தனை என்று கேட்டால், முடிவிலி என்பதைத் தவிர வேறு விடையில்லை என்று வெஸ் மாரிஸ்டன் 2010இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். ஒற்றைப்படை நாட்களின் துதிகளைக் கடவுள் விலக்கினால் எஞ்சுபவை எத்தனை? நான்காம் நாள் முதல் அனைத்தையும் விலக்கினால் எத்தனை? விடுதியின் புதிர் அப்படியே பரலோக வாசலில் வந்து நிற்கிறது. அங்கே அதனைப் பொறுத்துக்கொள்பவர் இங்கே பொறுக்கலாகாது என்பதற்கு நியாயம் வேண்டும்.

அகஸ்டீன் இவ்விடத்தில் நம்மைவிடத் துணிவுடையவர். ‘கடவுளின் நகரம்’ நூலின் பன்னிரண்டாம் புத்தகத்தில், கடவுள் ஏதோ ஓர் எண்வரை அறிந்து அதற்கப்பால் அறியாதிருக்கிறார் என்பது அறிவீனம் என்று வாதிடுகிறார். நமக்கு எல்லையற்றது அவருடைய அறிவுக்குள் வரையறை பெற்றதாகிறது என்பது அவர் முடிவு. கேன்டர் இப்பகுதியை 1887இல் மகிழ்ச்சியுடன் எடுத்துக்காட்டினார். கடவுளின் அறிவு பகுக்கப்படாத ஒரே காட்சி. அதில் எண்ணற்ற தனிக்கூறுகள் இல்லை என்று கிரெய்க் மறுமொழி கூறுவார். மதிப்பிற்குரிய மறுமொழிதான். எனினும், ஒரு கணித வாதத்தைக் காப்பாற்றும்பொருட்டு இறையறிவைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட கொள்கையைத் தழுவ நேர்வது, வாதம் நம்பிக்கைக்கு ஊழியம் செய்கிறதா, நம்பிக்கை வாதத்திற்கா என்று கேட்கத் தூண்டுகிறது.

விண்வெளியைக் குறித்தும் இதே நிலைதான். அண்டத்தின் விரிவு அதற்கு ஒரு தொடக்கத்தைக் காட்டுகிறது என்று ஆசிரியர் வானியலைத் துணைக்கு அழைக்கிறார். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்றும், நாம் காணக்கூடிய பகுதியின் ஆரம் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுகள் என்றும் இன்று கணக்கிடுகின்றனர். பிளாங்க் விண்கலத்தின் 2018ஆம் ஆண்டு முடிவுகள், வெளியின் வளைவு சுழியத்திற்கு மிக அருகில் உள்ளதைக் காட்டின. வளைவற்ற வெளியின் மிக எளிய மாதிரியோ எல்லாத் திசையிலும் முடிவற்றது. ஆசிரியர் துணைக்கு அழைத்த சாட்சியே, முடிவிலியான விண்மீன்களுக்கு இடமுண்டு என்றும் சொல்லக்கூடும். அப்படித்தான் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை; வளைவற்ற வெளி தன்னிலே திரும்பி மூடிக்கொள்வதற்கும் வழியுண்டு; எந்த அளவையிலும் சிறு பிழைவரம்பு எஞ்சும்; அவ்வரம்புக்குள் மிகச் சிறிய வளைவு இருந்தாலும் அண்டம் முடிவுள்ளதாகலாம். தொலைநோக்கி திறந்துவைத்திருக்கும் கேள்வியை, நாற்காலியில் அமர்ந்தபடி நாம் மூடிவிடுவது முறையாகுமா?

1277ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள், பாரிஸ் பேராயர் எத்தியேன் தாம்பியே 219 கூற்றுகளைக் கண்டனம் செய்தார். முதற்காரணர் பல உலகங்களைப் படைக்க இயலாது என்பது அவற்றுள் ஒன்று. தத்துவம் சொல்லும் ‘இயலாது’ என்னும் சொல் கடவுளைக் கட்டாது என்பதே அதன் உட்பொருள். அறுநூறு ஆண்டுகளுக்குப்பின் மறுபக்கத்தில் ஒரு திருத்தம் வந்தது. கடவுளின் நிறைவிலிருந்து, அவர் முடிவிலியைப் படைத்தே ஆகவேண்டும் என்று வாதிட்ட கேன்டருக்கு, 1886 சனவரியில் கர்தினால் பிரான்செலின் எழுதிய மடல் அது: படைப்பில் கடவுளுக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. (லூத்தரன் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற கணிதர் ஒருவர் தம் கருத்தைச் சீர்தூக்க உரோமைக் கர்தினாலை நாடியது நம்மவருக்கும் ஒரு பாடந்தான்.) கேன்டர் தம் கூற்றை விளக்கி, அக்கட்டாயத்தைக் கடவுள்மேல் தாம் சுமத்தவில்லை என்றார். கிரெய்கின் நூலை நாம் அளக்கவேண்டிய கோல் இதுவே. ‘படைத்தே ஆகவேண்டும்’ என்பது பிழையாயின், ‘படைக்கவே இயலாது’ என்பதற்கும், அது தெளிவான முரண்பாடு என்று காட்டப்படும்வரை, நாம் அவசரப்பட்டு ஆமென் சொல்லலாகாது.

நம் திருமறை மொழிபெயர்ப்பில் மறைந்துபோன ஒரு நுட்பத்தையும் குறிப்பிடவேண்டும். 147ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம் கர்த்தர் விண்மீன்களை எண்ணுவதைக் கூறுகிறது. ஐந்தாம் வசனம் அவருடைய அறிவைப் போற்றுகிறது. எபிரெயத்தில் இரு வசனங்களிலும் ‘மிஸ்பார்’, அதாவது எண் என்னும் ஒரே சொல் வருகிறது. விண்மீன்களுக்கு எண் உண்டு. அவருடைய அறிவுக்கு எண் இல்லை. தமிழில் முன்னது ‘இலக்கம்’ என்றும், பின்னது ‘அளவில்லாதது’ என்றும் பிரிந்துவிட்டமையால் இவ்வெதிர்நிலை நம் காதில் விழுவதில்லை. சங்கீதக்காரன் கணிதம் கற்பிக்கவில்லை. கடவுளை மிகப்பெரிய எண்ணாக அவன் கருதவில்லை என்பது மட்டும் தெளிவு.

உலகத்திற்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் மட்டுமே கொள்ளப்படுவது. அதனை நிரூபிக்க இயலாது என்று தாமஸ் அக்வினாஸ் கருதினார். வலுவற்ற நிரூபணங்களைக் கொண்டுவந்து அவிசுவாசிகளின் நகைப்புக்கு ஆளாகவேண்டாம் என்றும் எச்சரித்தார். இயற்பியல் பயிலும் இளைஞன் ஒருவன் நம் வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் நாளில், படைப்பு என்னும் உபதேசமே ஓட்டையானது என்று எண்ணிப் புறப்பட்டுவிடலாகாது. நூலின் முற்பகுதியை வகுப்பில் பாடமாக வைக்கலாம். பிற்பகுதியை வைப்பதாயின், மாரிஸ்டனின் கட்டுரையையும், கேன்டர்–பிரான்செலின் மடல்களையும் அதனுடன் சேர்த்தே மாணாக்கர் கையில் கொடுக்கவேண்டும்.