அழுகைக்கு அப்பால்: தோட்டப்புற இலக்கிய ஆய்வில் மரமும் திடலும்

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியம் குறித்த முனைவர் பட்ட ஆய்வேடுகளில் தோட்டப்புற வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டவை கணிசமானவை. கா. பெருமாளின் ‘துயரப் பாதை’, எம். குமரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ முதலான நாவல்களும், தமிழகத்திலிருந்து வந்து கண்டு எழுதிய அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலும் இவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவன. இவ்வாய்வேடுகள் சேர்த்துத் தந்துள்ள தரவுகளை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றின் இயல் பகுப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதை வாசிப்போர் உணர்வர். வறுமை, குடிப்பழக்கம், கங்காணியின் கொடுமை, கல்வியின்மை, பெண்களின் நிலை என்ற வரிசையே அது.

இலக்கியத்தோடு விளையாட்டு மேலாண்மை, அறிவியலின் பொருளியல் ஆகிய இரு துறைகளையும் இணைத்துத் தோட்டப்புற இலக்கியத்தை ஆராயும் முனைவர் பட்ட முயற்சி ஏற்புடையதா என்ற வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. ஏற்புடையதே என்பது இதன் கருத்து. அதே வேளையில், இத்தகைய ஆய்வு எங்கே வழுக்கி விழும் என்பதையும் சுட்டிக்காட்ட விழைகிறது.

தொல்காப்பியம் தரும் அளவுகோல்

துறைகளை இணைப்பது மேலைநாட்டுப் புதுவழக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். தொல்காப்பியரின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பன ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. ஒரு நிலத்து மக்களின் அகவாழ்வை அறிய அந்நிலத்து மரத்தையும் தொழிலையும் அறிய வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

மெய்ப்பாட்டியல் மேலும் ஒரு வாயிலைத் திறக்கிறது. அழுகைக்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும், உவகைக்கு நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் அங்குக் கூறப்படுகின்றன. நம் தோட்டப்புற ஆய்வுகளை இவ்விரு பட்டியல்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். முதல் பட்டியலின் நான்கிற்கும் இயல்கள் உண்டு. இரண்டாம் பட்டியலில் புணர்வு மட்டும் ‘காதலும் திருமணமும்’ என்ற தலைப்பில் ஓரளவு பேசப்படுகிறது. செல்வம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதும், மக்கள் எங்கே விளையாடினர் என்பதும் ஆய்வுக்குள் வருவது அரிது. நாம் அழுகையின் ஆய்வாளர்களாக மட்டுமே இருந்துவிட்டோமோ என்ற ஐயம் இங்குத்தான் எழுகிறது.

எந்த மரம்?

என் சொந்த அனுபவம் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். கடல்கடந்து சென்று எழுதிய என் ஆய்வேட்டில் ரப்பர் மரத்தைக் குறியீடாகக் கண்டு ஓர் இயல் முழுவதும் எழுதியிருந்தேன். ‘குருதி வடிக்கும் உடல்’ என்பது அவ்வியலின் மையக் கருத்து. தேர்வாளர்கள் பாராட்டினர். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த என் தந்தையாரிடம் அதனை விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கதையில வர்ற மரம் கொட்டையில மொளைச்ச மரமா, ஒட்டு மரமா?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. “அது தெரியாம அவன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான், எவ்வளவு சம்பளம் வாங்குனான்னு எப்படிச் சொல்லுவ?” என்பது அவருடைய அடுத்த வினா. அந்த வினாவுக்கு என் ஆய்வேட்டில் இன்றளவும் விடையில்லை.

தந்தையாரின் வினா அறிவியலின் பொருளியலுக்குரிய வினாவாகும். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவால் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரத்தை இன்றும் அந்நகரில் காணலாம். 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. தேர்ந்தெடுக்கப்படாத விதைமரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ தந்த நிலை மாறி, ஒட்டு மரங்களின் மேம்பட்ட வகைகள் அதனைப் போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் தரலாயின.

இவ்வாராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. அடிப்படை அறிவியலுக்குச் சந்தை போதிய முதலீடு செய்வதில்லை என்று ரிச்சர்ட் நெல்சன் 1959ஆம் ஆண்டிலும் கென்னத் ஆரோ 1962ஆம் ஆண்டிலும் எழுதிய கட்டுரைகள் இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகின்றன. அக்கோட்பாடு பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே மலாயாவில் அதற்குரிய நடைமுறைத் தீர்வு செயற்பட்டு வந்திருக்கிறது. அத்தீர்வையின் சுமை இறுதியில் யார்மீது இறங்கியது? கம்பெனியின் இலாபத்திலா, சிறுதோட்டக்காரரின் வருவாயிலா, பால்வெட்டுத் தொழிலாளியின் கூலியிலா? புதிய மரத்தால் பால் பெருகியபோது வெட்ட வேண்டிய நிரையும் கூலிக் கணக்கும் எவ்வாறு மாறின? நாவலில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கும் காட்சியை வாசிக்கும் ஆய்வாளர் இவ்வினாக்களை எழுப்பாவிடில், வறுமை என்பது வானத்திலிருந்து பெய்யும் மழைபோல் காரணமற்றதாகிவிடும்.

போரும் செயற்கை ரப்பரும்

‘சயாம் மரண ரயில்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1942-43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையாக மடிந்தனர். இந்நாவல் பெரும்பாலும் போர்க்கால அவல இலக்கியமாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. அவ்வாசிப்பில் பிழையில்லை. எனினும், அத்தொழிலாளர் ஏன் அத்தனை எளிதில் கொண்டு செல்லப்படும் நிலையில் இருந்தனர் என்பதற்கு இலக்கியத்திற்கு வெளியிலும் ஒரு விடை உண்டு. மலாயா ரப்பரின் மேலைச் சந்தை அடைபட்டது. தோட்ட வேலை சுருங்கியது. அதே காலத்தில், அச்சரக்கை இழந்த அமெரிக்கா அரசு முதலீட்டில் செயற்கை ரப்பர்த் தொழிலைப் பெருக்கியது. 1941ஆம் ஆண்டில் மிகச் சொற்பமாக இருந்த அந்நாட்டு உற்பத்தி 1945ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 8 இலட்சம் டன்னாக உயர்ந்தது.

போருக்குப் பின் இயற்கை ரப்பர் அச்செயற்கை ரப்பரோடு விலையில் போட்டியிட வேண்டியதாயிற்று. அப்போட்டி 1950களின் மறுநடவுத் திட்டங்களையும், கூடுதல் பால் தரும் மரவகைகளையும், பட்டையில் பூசும் பால்தூண்டு மருந்துகளையும் விரைவுபடுத்தியது. ஆகவே மரண ரயிலில் சென்று மீண்டவர் திரும்பி வந்த தோட்டம், அவர் விட்டுச்சென்ற தோட்டமாக நெடுநாள் நீடிக்கவில்லை. போர்க்கால நாவலையும் அதற்குப் பிந்திய தோட்ட நாவலையும் தனித்தனி இயல்களில் அடைக்கும் நம் வழக்கம் இத்தொடர்ச்சியை மறைத்துவிடுகிறது.

திடலின் கணக்கு

விளையாட்டு இங்கு எவ்வாறு நுழைகிறது? மரத்தின் இயல்பே அதற்கு வழி விடுகிறது. விடியலுக்கு முன்னும் பின்னும் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் அப்பொழுதே பால் நன்கு வடியும். எனவே பெரட்டு இருளிலேயே கூடும்; பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகல் ஓரளவு ஓய்வாகும். தோட்டத்து இளைஞர்களுக்கு மாலைத் திடல் வாய்த்தது இந்தத் தாவரக் கடிகாரத்தால்தான் எனலாம்.

திடல் கம்பெனியின் நிலம். புல் வெட்டுவது, கோல் கம்பம் நடுவது, அடுத்த தோட்டத்திற்குச் செல்ல லாரி தருவது யாவும் நிர்வாகத்தின் இசைவைச் சார்ந்தவை. வெட்டுக் காட்டில் தலைகுனிந்தவர் திடலில் தலைநிமிர்ந்தார் என்று உணர்ச்சியோடு எழுதுவது எளிது. அந்த நிமிர்வுக்கு உரிமையாளர் யார், அதனால் யாருக்கு என்ன ஆதாயம், நல்ல ஆட்டக்காரரைத் தக்கவைக்கத் தோட்டம் எதனைக் கொடுத்தது என்று கேட்பதே மேலாண்மை நோக்கு. சைமன் ராட்டன்பெர்க் 1956ஆம் ஆண்டில் பேஸ்பால் ஆட்டக்காரரின் தொழிற்சந்தையை ஆராய்ந்து விளையாட்டுப் பொருளியலுக்கு வித்திட்டார். டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கிரிக்கெட்டையும் இலக்கியத்தையும் குடியேற்ற ஆட்சியையும் ஒரே பார்வையில் காணலாம் என்று நிறுவியது. தோட்டக் காற்பந்துக்கு அத்தகைய நூல் ஒன்று இன்னும் தேவைப்படுகிறது.

ஆவணங்களின் ஏற்றத்தாழ்வையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணி ஜெகதீசன் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியது ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குவரை பதிவாகி, 2017ஆம் ஆண்டுவரை தேசியச் சாதனையாக நின்றது. ஈப்போவில் பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும், 1983ஆம் ஆண்டில் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டிக்கும் முழுப் பதிவு உண்டு. அவ்வூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தோட்டத் திடல்களில் நடந்த ஆட்டங்களை அறிய நமக்குக் கதைகளும் முதியோரின் நினைவுகளும் மங்கிய நிழற்படங்களுமே வழி. இங்கு இலக்கியம் விளையாட்டு வரலாற்றுக்குச் சான்றாகிறது.

பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டபோது அந்தத் திடலும் மெல்ல மறைந்தது. செம்பனைக்கு ஹெக்டருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. லயங்கள் வெறுமையாயின, தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை தேய்ந்தது, ஒரு குழுவுக்கு வேண்டிய பதினொருவர் கிடைக்கவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான குழு, பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் நாட்டின் உயர் லீக்கில் ஆடி, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டது. வேரிலிருந்த திடல்கள் போனபின் உச்சியில் ஒரு குழுவைப் பணத்தால் மட்டும் நிலைநிறுத்த முடியுமா என்பது ஆராயத்தக்கது.

மும்முனை ஆய்வின் இடர்கள்

இத்தகைய ஆய்வுக்கு எதிரான வாதங்களை எளிதாகத் தள்ளிவிட இயலாது. முதலாவது, கலைச்சொல் மோகம். ‘மனித மூலதனம்’, ‘பங்குதாரர்’ போன்ற சொற்களை இயல் தலைப்புகளில் ஒட்டிவிட்டு, உள்ளே பழைய கதைச்சுருக்கத்தையே தரும் ஆய்வு எத்துறைக்கும் பயன்படாது. இரண்டாவது, இலக்கியத்தைப் புள்ளிவிவரக் கிடங்காகக் கருதும் போக்கு. நாவலாசிரியர் கூலிக் கணக்கைத் தவறாகவே எழுதியிருக்கலாம். அத்தவறு ஏன் நேர்ந்தது என்பதுகூட ஓர் இலக்கியச் செய்தியாகும். மூன்றாவது, மதிப்பீட்டுச் சிக்கல். ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆய்வு முன்மொழிவு ஒன்று மூன்று துறையினரிடம் சென்று, “எம் துறைக்குரியதன்று” என்ற ஒரே குறிப்போடு மூன்று முறை திரும்பியதை நான் அறிவேன். அம்மாணவி இறுதியில் வழக்கமான தலைப்பொன்றை எடுத்துக்கொண்டார். தம் பாட்டனாரிடம் பதிவு செய்யவிருந்த செவ்வியை ஒத்திப்போட்டார்; அடுத்த ஆண்டு அப்பெரியவர் மறைந்துவிட்டார்.

இவ்விடர்களுக்கு ஓர் எளிய சோதனையை முன்வைக்கலாம். பிறதுறை அறிவு, மூலநூலின் ஒரு பத்தியையாவது வேறாகப் படிக்கச் செய்கிறதா? செய்யுமாயின் அத்துறை ஆய்வில் இருக்கட்டும், இல்லையேல் நீங்கட்டும். தலைமைத் துறை இலக்கியமாகவே இருத்தல் வேண்டும். மற்ற இரண்டும் அதற்கு வினாக்களைத் தர வேண்டும். விடையை மூலநூலிலும் களத்திலும் தேட வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், அதே சிக்கலுக்கு விடையாக 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் பொருளியல் பாடநூலுக்கு உரியவை. அதே கூட்டுறவுச் சங்கம் பின்னாளில் தமிழ் இலக்கியப் பரிசளிப்புக்கும் துணைநின்றது. மரத்தின் வருவாய் நூலாக மாறிய வழியை ஆராய்பவர் இலக்கியத்தை விட்டு விலகிச் செல்பவர் ஆகார்.

முடிவுரை

தோட்டப்புற இலக்கியத்தில் அழுகை உண்மையானது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அழுகையின் காரணத்தைச் செல்வத்தின் வழியிலும், அழுகையைத் தாங்கிய உள்ளத்தை விளையாட்டின் வழியிலும் தேட வேண்டும் என்பதே இதன் வேண்டுகோள். ஒட்டு மரத்திற்கும் விதைமரத்திற்கும் வேறுபாடு சொல்லக்கூடிய தலைமுறை நம் கண்முன்னே அருகி வருகிறது. ஆய்வு மேற்பார்வையாளர்கள் முன்மொழிவைத் திருப்பி அனுப்புமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பள்ளித் தமிழாசிரியர்கள் தோட்டக் கதையொன்றை நடத்தும்போது, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் “அது எந்த மரம்? மாலையில் எங்கே விளையாடினீர்கள்?” என்று கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். வருங்கால முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் தரவு அந்த வீட்டுப்பாட ஏட்டிலேயே எழுதப்படக்கூடும்.