அமானிதம் என்னும் அடித்தளம்: மாங்காட்டுச் சாலையின் அடுக்குமாடிகளை முன்வைத்து

ஒரு நூலை ஆய்பவர் அதன் அட்டையைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குவதில்லை. உள்ளே சொல்லப்பட்டது என்ன, அது எவ்வாறு நிறுவப்பட்டது என்பதையே நோக்குவார். கட்டடக்கலை என்று வரும்போது மட்டும் நம் திறனாய்வு மினாராவின் உயரத்தோடும் குவிமாடத்தின் வளைவோடும் நின்றுவிடுகிறது. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆய்வுக்குரிய பொருளாகவே கருதப்படுவதில்லை. வளைகுடாவில் இருபதாண்டு உழைத்த ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் அதில்தான் வைக்கிறார். ஒரு குடும்பம் தன் உயிரையும் அதில்தான் வைக்கிறது. எனவே அதனை எப்படிப் படிப்பது என்ற கேள்வி அழகியல் கேள்வி மட்டுமன்று.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் அமைந்த மாங்காடு, நெடுங்காலம் காமாட்சியம்மன் கோயிலாலும் சுற்றியிருந்த ஏரி, வயல்களாலும் அறியப்பட்ட ஊர். 2021இல் அது பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. போரூர் வழியாகப் பூந்தமல்லி செல்லும் மெட்ரோ வழித்தடம் அறிவிக்கப்பட்டதும் நிலத்தின் மதிப்பு ஏறியது. வீடுகள் மேல்நோக்கி வளரத் தொடங்கின. இன்று அச்சாலைகளில் எழும் கட்டடங்கள் பலவற்றின் அமைப்பு ஒன்றே: கீழே கடைகள், மேலே வீடுகள். விளம்பரப் பலகையில் நீச்சல் குளமும் நடைபாதைத் தோட்டமும் இருக்கும். மாதிரி வீட்டில் பளிங்குத் தரையும் வெளிநாட்டுக் குழாயும் இருக்கும். வாங்க வருபவரை அங்கேதான் அழைத்துச் செல்வார்கள். கட்டடம் நிற்கும் மண்ணைப் பற்றியோ, அதனைத் தாங்கும் தூண்களைப் பற்றியோ அங்கே பேச்சு எழுவதில்லை.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதை இவ்வட்டாரம் அறியும். மாங்காட்டுக்கு அருகிலுள்ள மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டி முடியும் தறுவாயிலிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து தரைமட்டமாயிற்று. ரமளான் பிறப்பதற்குச் சற்று முந்தைய நாள்கள் அவை. மீட்புப் பணி ஏறத்தாழ ஒரு வாரம் நடந்தது. 61 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகத்தின் பிற மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து கூலிக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். அவ்வீடுகளில் ஒன்றையேனும் விலைக்கு வாங்கும் நிலையில் இல்லாதவர்கள். இடி விழுந்ததே காரணம் என்ற பேச்சும் அன்று எழுந்தது. அரசு அமைத்த நீதியரசர் ரெகுபதி ஆணையமோ கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளையும் கட்டுநர் தரப்பின் பொறுப்பையும் சுட்டியது. அதே வளாகத்தில் நின்ற இன்னொரு 11 மாடிக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. ஒன்று தானே இடிந்தது, மற்றது இடிக்கப்பட்டது.

அவ்வளாகத்தின் பெயர் ‘டிரஸ்ட் ஹைட்ஸ்’. அதன் இரு கட்டடங்களுக்கும் ‘ஃபெய்த்’, ‘பிலீஃப்’ என்று பெயரிட்டிருந்தார்கள். மூன்று பெயர்களுமே நம்பிக்கையைக் குறிப்பவை. அரபு மொழியைக் கற்பிக்கும் நமக்கு இது கடந்து போகக்கூடிய செய்தியன்று. ஈமான், அமானத், அம்ன், அமீன் என்னும் சொற்கள் யாவும் ஹம்ஸா, மீம், நூன் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம்பிக்கை, ஒப்படைக்கப்பட்ட பொருள், அச்சமற்ற நிலை, நம்பத்தக்கவர் ஆகிய நான்கையும் அம்மொழி ஒரே குடும்பமாகக் காண்கிறது. ஒருவர் அமீனாக இருந்தால்தான் மற்றவருக்கு அம்ன் கிட்டும். அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு நம்பிக்கை என்ற சொல்லை மட்டும் பலகையில் எழுதினால் அது வெறும் பெயராகவே எஞ்சும். அமானிதம் சொல்லில் இல்லை. சரிபார்க்க இடங்கொடுக்கும் நடைமுறையில் இருக்கிறது. நாம் இக்கட்டுரையில் நிறுவ முயல்வது இதுவே. அதனைச் சரிபார்க்க ஏற்ற இடம் கட்டடத்தின் உச்சியன்று, தரைத்தளம்.

ஏன் தரைத்தளம்? மேலுள்ள அத்தனை மாடிகளின் எடையும் அங்குள்ள தூண்களின் வழியாகவே கடைக்காலுக்கு இறங்குகிறது. அதே தளத்தைத்தான் வணிகமும் கேட்கிறது. மேல்மாடிகளில் அறைக்கு அறை செங்கற் சுவர்கள் உண்டு. அவை அத்தளங்களை விறைப்பாக்குகின்றன. கடைக்கோ சுவர் ஆகாது. ஷட்டர் அகலமாகத் திறக்க வேண்டும், உள்ளே மறைப்பின்றிப் பொருள்கள் தெரிய வேண்டும். ஆகவே விறைப்பான பல தளங்கள் விறைப்பற்ற ஒரு தளத்தின்மீது நிற்க நேர்கிறது. இதனைப் பொறியாளர்கள் ‘சாஃப்ட் ஸ்டோரி’ என்பர், மென்தளம் எனலாம். நிலம் அசையும்போது மேல்மாடிகள் ஒரே பெட்டிபோல் நகர, வளைவும் முறிவும் கீழ்த்தூண்களில் குவிகின்றன. 2001 ஜனவரி 26 அன்று கச்சில் பூமி அதிர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில், வாகன நிறுத்தத்துக்காகக் கீழ்த்தளம் திறந்துவிடப்பட்ட அடுக்குமாடிகள் பல சரிந்தன. அடுத்த ஆண்டே, 2002இல், இந்தியத் தர நிர்ணயம் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. கீழே கடை இருப்பதால் கட்டடம் பழுதுடையது என்று இதற்குப் பொருளன்று. தூணும் பீமும் அதற்கேற்பக் கணக்கிடப்பட வேண்டும், கணக்கிட்டபடி கட்டப்பட வேண்டும், கட்டியபின் எவரும் கைவைக்கக் கூடாது என்பதே பொருள்.

இந்த மூன்றாவது நிபந்தனையே அதிகம் மீறப்படுகிறது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று இடிந்து 502 உயிர்களைக் கொண்ட சாம்பூங் பல்பொருள் அங்காடி, முதலில் வேறு பயன்பாட்டுக்காகத் திட்டமிடப்பட்டுப் பின்னர் அங்காடியாக மாற்றப்பட்ட கட்டடம். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டுமெனத் தூண்கள் அகற்றப்பட்டன, எஞ்சியவை மெலிந்தன, மேலே கூடுதல் தளமும் கனத்த குளிர்சாதன இயந்திரங்களும் ஏறின. துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், கீழ்த்தளக் கடையை விரிவாக்கத் தூண் வெட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு பல வழக்குகளில் எழுந்தது. அந்நாட்டிலேயே 2018இல் விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்று மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. ஏட்டில் மன்னிக்கப்பட்ட குறையைப் பூமி மன்னிக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் தூண் வெட்டும் துணிவு அரிதாக இருக்கலாம். ஆனால் ஏசிக் குழாய்க்காகப் பீமைத் துளைப்பதும், சரக்கு வைக்கக் கடைக்குள் இரும்புப் பரண் போட்டு அரிசி மூட்டைகளை அடுக்குவதும், கம்பி துருவேறிய தூணைப் பளபளக்கும் தகடு போர்த்தி மறைப்பதும் கண்கூடு.

இனி, அக்கடைகளின் வணிகத் தரம். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், தெருவின் பாதுகாப்புக்குக் கடைக்காரரின் இடையறாத பார்வை காவலாக அமைவதை விளக்கினார். நம் தெருவாசிகளுக்கு இது புதிய செய்தியன்று. பள்ளி முடிந்து வரும் பிள்ளை எந்தப் பக்கம் போயிற்று என்பதை முதலில் மளிகைக் கடைக்காரரிடம்தான் கேட்போம். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே மார்செய் நகரில் 1952இல் முடித்த பெருங்குடியிருப்பில் கடைகளைத் தெருவிலிருந்து பெயர்த்து நடுமாடியில் வைத்தார். தெருவில் நடப்பவர் அங்கே ஏறிவரவில்லை. அங்காடி அவர் எண்ணியவாறு செழிக்கவில்லை. கடைக்குத் தெரு வேண்டும்; தெருவுக்கும் கடை வேண்டும்.

ஆனால் தெருவோடு சேரும் இடத்தில்தான் நம் புதிய கட்டடங்கள் தடுமாறுகின்றன. சாலையை மட்டம் சுரண்டாமல் மேன்மேலும் தார் போட்டதால் சாலை உயர, கடையின் வாசல் பள்ளமாகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் கற்பித்த பிறகும் வாசல் மட்டத்தையும் வடிகாலையும் ஒருங்கே சிந்தித்த கட்டடங்கள் குறைவு. மற்றொரு பக்கம், மழைநீர் புகாதிருக்க வாசலை உயர்த்திப் படிகளை நடைபாதைமேல் இறக்குகிறார்கள். முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் சாலையில் இறங்கிச் செல்ல வேண்டியதாகிறது. கடைக்கு வருபவரின் வண்டி நிற்க இடமில்லை. உணவகத்தின் புகைபோக்கி முதல்மாடிப் படுக்கையறைச் சன்னலில் முடிகிறது. பாதிக் கடைகள் ‘வாடகைக்கு’ என்ற அட்டையோடு பூட்டிக் கிடக்கின்றன. ஏனெனில் அவை வணிகம் செய்பவருக்காக அன்றி, முதலீடு செய்பவருக்காக விற்கப்பட்டவை.

கீழே கடை, மேலே வீடு என்னும் அமைப்பு நேற்று வந்ததன்று. கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அல்கூரீ 1504–05இல் எழுப்பிய வகாலா இன்றும் நிற்கிறது. முற்றத்தைச் சுற்றிக் கீழ்த்தளங்களில் வணிகர்களின் கடைகளும் கிடங்குகளும். மேலே ‘ரப்உ’ எனப்படும் குடியிருப்புகள். குடியிருப்போருக்குத் தெருவிலிருந்து தனி வாசல் உண்டு; வணிகரின் ஓசையும் குடும்பத்தின் மறைவும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. அத்தகைய கட்டடங்கள் பல வக்ஃபின் உடைமைகள். வக்ஃபுச் சட்ட மரபில் வருவாயின் முதற்செலவு கட்டடத்தைப் பழுதுபார்ப்பதே. பயனாளிகளின் பங்கு அதன் பின்னரே. கடையின் வாடகை அக்கட்டடத்தின் ஆயுளைக் காத்தது. இது நமக்கு அந்நியமும் அன்று. தமிழகத்து ஊர்களில் பள்ளிவாசலின் வெளிச்சுவரை ஒட்டிய கடைகளின் வாடகையில்தானே விளக்கும் நீரும் இமாமின் ஊதியமும் நடக்கின்றன!

மாங்காட்டு அடுக்குமாடிகளில் இது ஏன் இயலாது? கடைகளுள் ஒன்றிரண்டையேனும் தனியாருக்கு விற்காமல் குடியிருப்போர் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்தால், மாத வாடகை பராமரிப்பு நிதிக்குச் சேரும். மின்தூக்கி பழுதானால் வீடு வீடாகப் பணம் திரட்ட வேண்டியதில்லை. யாருக்கு வாடகைக்கு விடுவது, எதை இடிக்கக் கூடாது என்பதையும் மேலே குடியிருப்பவர்களே முடிவுசெய்வர். அதாவது, தூணுக்குக் கேடு வந்தால் முதலில் பாதிக்கப்படுபவர்களே அதன் காவலர்களாவர். விற்பனை வருவாய் குறையும் என்று கட்டுநர் சொல்வார். வீட்டின் விலை சற்று ஏறும் என்பதும் உண்மையே. ஆயினும் ஒருமுறை கொடுக்கும் அத்தொகை ஐம்பதாண்டுப் பராமரிப்புக்கான முதல்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் 14ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை, முறையிட்ட 30 நாளுக்குள் கட்டுநர் தம் செலவில் நீக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் பார்வையில் கடையும் இவ்வுரிமைக்கு உட்பட்டதே. இது பெரும் முன்னேற்றம். எனினும் கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறி வெளிப்பட ஐந்தாண்டு போதுமா? ஸன்ஹூரியின் தலைமையில் உருவான 1948ஆம் ஆண்டு எகிப்திய உரிமையியல் சட்டம், பிரெஞ்சு மரபைத் தழுவி, தன் 651ஆம் விதியில் கட்டடக் கலைஞரையும் ஒப்பந்தக்காரரையும் 10 ஆண்டுக்குக் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. இடிந்ததற்கு மண்ணின் குறையே காரணமாயினும் அப்பொறுப்பு நீங்காது. மண்ணைச் சோதிப்பது கட்டுபவரின் கடமை என்பதால், மண்மீது பழி போட வழியில்லை.

தண்டனையைவிடத் தடுப்பே மேல் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். துனிஸில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுர் ராமீ தொழிலால் கொத்தனார். காழிகள் அவரைக் கட்டடத் தகராறுகளில் நிபுணராக அனுப்பினர். அவர் கட்டடச் சட்டம் பற்றி நூலே எழுதினார். அவருக்கும் முன்னர், ஸெவில் நகரச் சந்தை ஒழுங்கு பற்றி எழுதிய இப்னு அப்தூன், செங்கல், ஓடு ஆகியவற்றின் சரியான அளவைக் காட்டும் மாதிரிகளை ஜாமிஆப் பள்ளிவாசலில் தொங்கவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஐயுறும் எவரும் தம் செங்கல்லைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே நம்பிக்கை என்பது கேள்வி கேட்காதிருத்தல் அன்று. கேட்பவருக்கு விடை பொதுவிடத்தில் தொங்குகிறது.

அந்த மாதிரிக்கு இக்காலத்தில் நிகரானவை உண்டு. மண் பரிசோதனை அறிக்கை ஒன்று. தூண், பீம்களின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற பொறியாளரின் கையொப்பமிட்ட வரைபடம் மற்றொன்று. ஒவ்வொரு தளத்துக்கும் ஊற்றிய கான்கிரீட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் செய்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்த்த முடிவேடு மூன்றாவது. எம்-25 எனக் குறிக்கப்பட்ட கான்கிரீட் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அந்த எண் ஏட்டில் இருக்கும் அல்லது இருக்காது. சாதாரணக் குடிமகனுக்கு இவை விளங்குமா என்று கேட்கப்படலாம். விளங்க வேண்டிய கட்டாயமில்லை. ஸெவில் நகரத்தில் செங்கல் வாங்கியவர் எல்லாம் கொத்தனார்கள் அல்லர். ஏடு வெளியில் இருக்கிறது, அறிந்த எவரும் எப்போதும் பார்க்கலாம் என்ற நிலையே கட்டுபவரின் கையை நேராக்கும்.

ஆகவே மாங்காட்டிலோ மற்றெங்கோ வீடு பார்க்கச் செல்பவர் மாதிரி வீட்டுக்கு ஏறும் முன் கீழேயே சற்று நிற்கட்டும். கடைகளுக்கு இடையே தூண்கள் எங்கே இறங்குகின்றன, வாசல் சாலைக்கு மேலா கீழா, மழைநீர் எங்கே போகிறது, கடைகள் யாருடையவை என்று கேட்கட்டும். பிறகு அந்த மூன்று ஏடுகளையும் கேட்கட்டும். தயக்கமின்றி எடுத்துக் காட்டுபவரின் கட்டடத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க வேண்டிய தேவை இல்லை.