குறள் 428: எதற்குப் பயப்படுகிறோம்?

மாணவர்களே, 'துணிவு' என்று தலைப்பு வந்தால் உடனே பாரதியிடம் ஓடிவிடுகிறீர்கள். வள்ளுவரின் 428ஆம் குறளையும் பாருங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதவன் பேதை என்கிறார். அதை வைத்திருக்கும் இடம் படைச்செருக்கு இல்லை, அறிவுடைமை. பொருளுரையை மட்டும் மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது.

2014-ஐ எடுத்துக்கொள்வோம். எம்.எச்.370, எம்.எச்.17 இரண்டிலும் சேர்த்து 537 பேர் போனார்கள். பேச்செல்லாம் விமானம்தான். அதே ஆண்டு மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,674 பேர். மாதத்துக்கு ஏறக்குறைய 556. பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். (விமானத்தில் போகிறவர்களே குறைவுதானே என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். நியாயம்தான். தூரக் கணக்கில் பார்த்தாலும் மோட்டார்தான் ஆபத்து.) ஒரேயடியாக நடப்பது மனத்தில் நிற்கிறது, ஒவ்வொருவராகப் போவது நிற்பதில்லை. கைப்பிடி நம் கையில் இருந்தால் பயமும் குறைந்துவிடுகிறது. கிள்ளானில் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று தலைக்கவசம் இல்லாமல் கிளம்புகிறவர், விமானம் லேசாகக் குலுங்கினால் "முருகா!" என்பார்.

குறளில் ஒரு குறை உண்டு: எது அஞ்சத்தக்கது என்று அது சொல்வதில்லை. பரிமேலழகர் பாவம், பழி, கேடு என்று நிரப்புகிறார். முதல் இரண்டையும் மனசாட்சி சொல்லிவிடும். கேட்டை எண்ணித்தான் பார்க்க வேண்டும். கட்டுரையில் இந்த இடத்தைத் தொடுங்கள்.