தட்டில் முளைத்ததெல்லாம் கொலையாளியா?

பிசிஆர் வந்தாலும் வேறெது வந்தாலும், அகார் தட்டில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதே மீன் நோயறிதலின் உரைகல் என்ற வாதம் மறுபடி ஓங்கி ஒலிக்கிறது. பாதியை ஒப்புக்கொள்கிறேன். உயிருள்ள கிருமி கையில் இருந்தால்தான் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க முடியும். தடுப்பூசி செய்யவும் அது வேண்டும். செலவும் குறைவு. மீதிப் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தட்டு நடுநிலையானதல்ல, நாம் போடும் சாப்பாட்டுக்கு ஏற்ற கிருமிதான் அதில் வளரும். வழக்கமான டிரிப்டிக் சோயா அகாரில் லிட்டருக்குக் கேசீன் பெப்டோன் 15 கிராம், சோயா பெப்டோன் 5 கிராம். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா அதில் ஒரே இரவில் பரவிவிடும். செவுளை அரித்துக் கொல்லும் ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேருக்கு இந்த வளமே ஆகாது. அதற்கென 1959இல் அனக்கரும் ஆர்டலும் வகுத்த ஊடகத்தில் டிரிப்டோன் லிட்டருக்கு அரை கிராம்தான். அதைத் தயாரித்து வைக்காத ஆய்வகத்தின் அறிக்கையில் அது உண்டாக்கும் காலம்னாரிஸ் நோய் எப்படி இடம்பெறும்? இத்தனைக்கும் செவுள் சுரண்டலை ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய நீளக் கோல்கள் வழுக்கி நகர்ந்து திசுவின் ஓரத்தில் குவியல் குவியலாகத் திரள்வது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஏரோமோனாஸோ குளத்து நீரிலும் நல்ல மீனின் குடலிலும் எப்போதும் இருப்பது. மீன் செத்த சில மணி நேரத்தில் உள்ளுறுப்புகளுக்குப் பரவிவிடும். காலையில் கரையொதுங்கிய கட்லா பாலித்தீன் பையில் மதியம் வந்து சேர்ந்தால், அதன் சிறுநீரகத்தில் கிடைக்கும் ஏரோமோனாஸ் எதற்குச் சாட்சி?

1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தொடங்கி இந்தியாவில் பரவிய புண்நோயில் பட்டதை மறக்கக்கூடாது. விரால், கெண்டை, கெளுத்தி என்று எந்த மீனின் புண்ணைத் தொட்டுத் தேய்த்தாலும் தட்டில் ஏரோமோனாஸ் வந்தது. பழியும் அதன் மேல் விழுந்தது. மூலக் காரணமோ தசைக்குள் இழை இழையாகத் துளைத்துச் செல்லும் அஃபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்ற நீர்ப்பூஞ்சை. 37 டிகிரியில் அது வளரவே வளராது. திறந்த புண்ணிலிருந்து எடுத்தால் பாக்டீரியா அதை மூடி மறைத்துவிடும். புண் தொடங்கும் இடத்தில் தோலுக்கடியிலுள்ள தசையை எடுத்து, பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த ஊடகத்தில் வைத்தால்தான் கிடைக்கும். பாக்டீரியாவைத் தடுத்த பிறகே தெரிந்த காரணத்தை, பாக்டீரியாவை மட்டும் வளர்க்கும் தட்டு எப்படிக் காட்டியிருக்கும்?

தட்டின் பெரிய பலம் என்று நானே ஒப்புக்கொண்ட மருந்துச் சோதனையும் இங்கே ஆட்டம் காண்கிறது. தவறான கிருமியை வைத்துத் தேர்ந்த ஆன்டிபயாட்டிக் தீவனத்தில் கலந்து குளத்தில் விழுகிறது; நோயுற்ற மீன் அதைத் தின்பதுமில்லை. பண்ணையாளர் பணம் கட்டி வாங்கும் அறிக்கையில் கிருமியின் பெயர் மட்டும் இருக்கிறது. மீன் உயிரோடு வந்ததா, எந்த உறுப்பிலிருந்து எடுத்தார்கள், எந்த ஊடகம், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பது அதில் இல்லை. இவை இல்லாத தாளை நோயறிதல் என்று கையெழுத்திட்டுக் கொடுக்க எந்த ஆய்வகத்துக்கும் உரிமையில்லை.