வயிற்றுக்கு மட்டும் காவல்

"கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தான் தர்றோம், பயப்படாம சாப்பிடுங்க." மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் போகிற பெரியவர்களுக்கு இன்று கிடைக்கிற உத்தரவாதம் இது. மருத்துவர்களிலும் சிலர் இதையே நியாயமாகச் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியாத நியாயம் இது.

பாண்டோபிரசோல், ராபிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் அமிலத்தைக் குறைத்து இரைப்பைப் புண்ணை வெகுவாகத் தடுக்கின்றன. வயதானவர்களுக்கும், முன்பே புண் வந்தவர்களுக்கும் அவை தேவைதான். பல் பிடுங்கியபின் மூன்று நாள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை சாப்பிடும் ஆரோக்கியமான இளைஞரைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை.

மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை. டைக்ளோஃபெனாக்கும் அசெக்ளோஃபெனாக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்தே வலியை அடக்குகின்றன. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதுதான். உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். அமிலத்தைக் குறைப்பதால் சிறுநீரகத்துக்கு என்ன பயன்? சிறுகுடலுக்கே அந்தக் காவல் எட்டுவதில்லை. இதயத்துக்கும் அப்படித்தான். வயிற்றுக்கு இதமானது என்று விற்கப்பட்ட ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்தபின் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் வயிற்றைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு மாத்திரையை நீட்டுவது எப்படிச் சரியாகும்?

முன்பெல்லாம் வயிறு எரிந்தால் பலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இப்போது அந்த எரிச்சலும் அடங்கிப்போவதால் மாத்திரை தொடர்கிறது. இரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டனும், நீர் பிரியும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிடுகிற ஒருவர் சித்திரை வெயிலில் களை பறித்துவிட்டு வந்து முழங்கால் வலிக்கு இந்த வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்குகின்றன. சிறுநீரகம் தடுமாறுவதை இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் ஏறும்போது வலிக்காது. கால் வீங்கி, சிறுநீர் குறைந்தபின் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கலாம். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது இந்த வலி மாத்திரை. அதை வெட்டிக் கொடுக்கிற கடையில் "பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், ராபிபிரசோல் மூன்றையும் ஒன்றாக அடைத்த கூட்டுமருந்து, 2016 மார்ச்சில் மத்திய அரசு தடைசெய்த 344 மருந்துகளின் பட்டியலில் இருந்தது. தடை அந்த ஒற்றை மாத்திரைக்குத்தான். இரண்டு அட்டைகளிலிருந்து வெட்டி ஒரே உறையில் போட்டுக் கொடுப்பதை அது என்ன செய்யும்? வலி மாத்திரையை மாதக்கணக்கில் எழுதித் தருகிற மருத்துவர், அதே சீட்டில் கிரியாட்டினின் பரிசோதனைக்கு ஒரு தேதியும் எழுதித் தரவேண்டும்.