ஸ்டெச்கின்: இரண்டு வேலைக்கு ஒரு துப்பாக்கி

ராணுவத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் அல்லர். டாங்கி ஓட்டுபவர், பீரங்கிக்குக் குண்டு ஏற்றுபவர், வயர்லெஸ் கருவி சுமப்பவர் எல்லாருக்கும் வேறு வேலை இருக்கிறது. துப்பாக்கி அவர்களுக்கு ஆபத்துக்கு மட்டும். சிக்கல் என்னவென்றால், அந்த ஆபத்து வரும்போது மிக அருகில் வருகிறது. நீளமான ரைஃபிளுக்கு டாங்கிக்குள் இடம் போதாது. சாதாரணக் கைத்துப்பாக்கியோ, அன்றாடம் பயிற்சி இல்லாதவர் கையில் இருபது அடிக்கு அப்பால் பெரும்பாலும் சத்தம் போடத்தான் உதவும்.

விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் கைத்துப்பாக்கி, அதாவது மெஷின் பிஸ்டல், இந்தச் சிக்கலுக்கு ஒரு விடையாக வந்தது. முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஆஸ்திரியாவின் ஸ்டெயரும், 1930களில் ஜெர்மனியின் மாஸரும் தங்கள் கைத்துப்பாக்கிகளை இப்படி மாற்றிப் பார்த்தன. அவை எல்லாம் ஏற்கெனவே இருந்த ஆயுதத்தில் செய்த ஒட்டுவேலை. ஒரு பெரிய ராணுவம் உட்கார்ந்து யோசித்து, இதற்கென்றே வடிவமைக்கச் சொல்லி, படைக்கு வழங்கிய துப்பாக்கி என்றால் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டெச்கின்தான். அதனால்தான் இந்த யோசனையை எடைபோட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இகோர் ஸ்டெச்கின் அதை வடிவமைத்தபோது இருபதுகளில் இருந்த இளைஞர். போட்டியில் கலாஷ்னிகோவின் தானியங்கிக் கைத்துப்பாக்கியும் இருந்தது, வென்றது ஸ்டெச்கினுடையது. 1951இல், மக்காரோவ் கைத்துப்பாக்கியோடு சேர்ந்தே அது படையில் ஏற்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே 9 மி.மீ. தோட்டா. மக்காரோவில் 8 தோட்டா, ஸ்டெச்கினில் 20. அதன் உறை மரத்தால் ஆனது. கைப்பிடியின் பின்னால் மாட்டினால் அதுவே தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையாகிவிடும். 200 மீட்டர் வரை குறிவைக்கலாம் என்று அதன் குறிகாட்டி சொல்கிறது. அந்தத் தோட்டாவை வைத்துக்கொண்டு 200 மீட்டர் என்பது தொழிற்சாலையின் தன்னம்பிக்கை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடலாம். கைத்துப்பாக்கியைத் தொடர்ந்து சுடவைத்தால் இரண்டாவது தோட்டாவிலிருந்தே குழல் மேலே ஏறத் தொடங்கும். மேலே ஓடும் ஸ்லைடு இலேசானது, ஓடும் தூரமும் குறைவு. எனவே அடுத்தடுத்த சூடுகளுக்கு இடையில் கைக்குச் சுதாரிக்க நேரமில்லை. ஸ்டெச்கின் இதற்குக் கைப்பிடிக்குள் ஒரு தடையை வைத்தார். ஸ்லைடு பின்னால் வரும்போது ஒரு சிறு எடையைக் கீழே தள்ளிவிடும். அது போய்த் திரும்பும் வரை அடுத்த சூடு தாமதிக்கும். இப்படி நிமிடத்துக்கு 700, 750 சூடு என்ற அளவுக்கு வேகத்தை இறக்கினார். பல பத்தாண்டுகள் கழித்து வந்த குளாக் 18 நிமிடத்துக்கு 1,000த்தைத் தாண்டிச் சுடுகிறது. அதனோடு வைத்துப் பார்த்தால் ஸ்டெச்கினின் நிதானம் புரியும். தோள்கட்டை மாட்டி, இரண்டு மூன்று தோட்டாக்களாக விட்டுவிட்டுச் சுட்டால் கட்டுக்குள் நிற்கும் துப்பாக்கி அது. மெஷின் பிஸ்டல்களிலேயே ஒழுங்காகச் சிந்திக்கப்பட்டது என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சிந்தனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. நிமிடத்துக்கு 750 என்றால் 20 தோட்டாவும் இரண்டு விநாடிக்குள் தீர்ந்துபோகும். கட்டையை மாட்டாமல் சுட்டால் பெரும்பாலானவை வானத்துக்கு. மாட்ட வேண்டுமென்றால் அதற்கு நேரம் வேண்டும். எதிரி திடீரென்று எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகவே பிறந்த துப்பாக்கி, எதிரி சற்றுப் பொறுத்தால்தான் முழுப் பயன் தரும் என்பது அதன் அடிப்படை முரண். காலித் துப்பாக்கியே ஒரு கிலோ. உறையும் தோட்டாக்களும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அந்தப் பெரிய மர உறை, டாங்கியின் குறுகிய வாய் வழியே ஏறி இறங்குபவனின் இடுப்பில் தொங்கியது. சண்டை வந்தால் பார்த்துக்கொள்ளலாம், தினமும் இதைச் சுமப்பது யார் என்று சிப்பாய் நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய அடி அடுத்த அறையிலிருந்து வந்தது. மடக்குக் கட்டை வைத்த கலாஷ்னிகோவ் ரைஃபிள் அதே ஆண்டுகளில் படையெங்கும் பரவிக்கொண்டிருந்தது. எடை அதிகம்தான், ஆனால் அதன் தோட்டாவுக்கு முன்னால் கைத்துப்பாக்கித் தோட்டா பொம்மை. 1958ஆம் ஆண்டோடு ஸ்டெச்கின் உற்பத்தி நின்றது. பின்னர், 1970களின் இறுதியில் வந்த குட்டைக் குழல் கலாஷ்னிகோவ், வாகனக் குழுவினருக்கு என்ன தரலாம் என்ற பழைய கேள்வியையும் எடுத்துக்கொண்டது.

கதை அதோடு முடியாததுதான் சுவையான பகுதி. கிடங்குக்குப் போன ஸ்டெச்கின்களைச் சிறப்புப் படையினரும் ஆப்கான் போரில் ஹெலிகாப்டர் விமானிகளும் தேடி வாங்கினார்கள். தொடர்ந்து சுடும் திறன் மட்டுமா அவர்களை இழுத்தது? நீளமான குழல், கனமான உடல், குறைந்த உதைப்பு, 20 தோட்டா: ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும்போது அது மக்காரோவைவிடப் பல மடங்கு துல்லியமான கைத்துப்பாக்கி. 1972இல் ஏற்கப்பட்ட சைலன்சர் வகையில் குழலில் துளைகள் இட்டு வாயுவைக் கசியவிட்டார்கள். சாதாரணத் தோட்டாவே ஒலியின் வேகத்துக்குக் கீழே பறந்தது. ஆக, டாங்கிக்காரனுக்குப் பாரமாக இருந்த எடை தேர்ந்த கையில் பலமாயிற்று. பயிற்சி இல்லாதவனுக்காகச் செய்த துப்பாக்கி, பயிற்சி மிக்கவனிடம் போய்த்தான் நிலைத்தது. 2018 பிப்ரவரியில் சிரியாவின் இட்லிப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்ட ரஷ்ய விமானி ரோமன் ஃபிலிபோவ், பிடிபடாமல் கடைசியில் கையெறி குண்டை வெடிக்கச் செய்து இறப்பதற்கு முன், கையில் வைத்துப் போராடியதும் ஸ்டெச்கின்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கார்பியன் இதன் மறுபக்கம். மிரோஸ்லாவ் ரிபார்ஷ் வடிவமைத்து 1961இல் ஏற்கப்பட்ட அது, கட்டையை மடக்கினால் 27 செ.மீ. நீளம். தோட்டா இன்னும் சிறியது, 7.65 மி.மீ.; அதனாலேயே கைக்கு அடங்கும். எடையைச் சுமக்க மறுத்த சிப்பாய்களுக்கு இது ஏற்ற விடை. ஆனால் உடைக்குள் மறைந்துவிடும் அளவு ஒரு குணம் என்றால், அந்தக் குணம் சீருடை போட்டவனைவிட, தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியவனுக்குத்தான் அதிகம் தேவை. 1978 மே 9 அன்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைச் சிவப்புப் படை என்ற இத்தாலியத் தீவிர இடதுசாரிக் குழுவினர் கொன்றதில் முதன்மை ஆயுதம் ஸ்கார்பியன். வேறொரு ஸ்கார்பியன், ஒரே துப்பாக்கி, 1978இல் ரோமின் அக்கா லாரென்சியா தெருவில் நடந்த கொலைகளிலும், பொருளியலாளர் எசியோ தரந்தெல்லி 1985இலும், ஃபிளாரன்ஸின் முன்னாள் மேயர் லாண்டோ கோன்டி 1986இலும், செனட்டர் ராபர்ட்டோ ருஃபில்லி 1988இலும் கொல்லப்பட்டபோதும் பேசியது. வடிவமைப்பாளர் மேல் இந்தப் பழியைச் சுமத்த முடியாது. ஆனால் இந்த வகை ஆயுதத்தை மதிப்பிடும்போது, படைக்கு அது தந்த சிறு வசதியையும் இந்தப் பட்டியலையும் ஒரே தராசில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

பழைய கேள்விக்கு மேற்கு நாடுகள் பின்னர் தேடிய விடை பெரும்பாலும் கைத்துப்பாக்கியின் பக்கம் திரும்பவில்லை. பெல்ஜியத்தின் பி90, ஜெர்மனியின் எம்பி7 இரண்டும் தோட்டாவிலிருந்து தொடங்கின: கவச உடையைத் துளைக்கும் புதிய சிறு தோட்டா முதலில், அதைச் சுற்றித் துப்பாக்கி பிறகு. பி90இன் எடை ஸ்டெச்கினைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்தப் பாரத்தைத் தவிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்ட வடிவம். ஆனால் அதையும் எந்த டாங்கி ஓட்டுநர்களுக்காக, எந்த வயர்லெஸ்காரர்களுக்காக என்று சொல்லிச் செய்தார்களோ, அவர்களில் பெரும்பாலோர் இன்றும் குட்டை ரைஃபிளைத்தான் வைத்திருக்கிறார்கள். பி90ஐ அதிகம் காண்பது, முக்கியப் பிரமுகர்களின் மெய்க்காவலர் கைகளிலும் சிறப்புக் காவல் படைகளிடமும்தான்.